கேஸ்கேட் டனலில் சுவரோரச் சுழல்கள்: காரைக்குடி கேள்வி பதில்

ஐயா, கேஸ்கேட் டனலில் (டர்பைன், கம்ப்ரஸர் பிளேடுகளை வரிசையாக நிறுத்திக் காற்றை ஊதும் சோதனைக் குழாயில்) இரண்டு பிளேடுக்கு நடுவில் பாசேஜ் வோர்டெக்ஸ், அதாவது இடைவழிச் சுழல், ஏன் வருகிறது? சமன்பாடு இல்லாமல் சொல்லுங்களேன். (மாணவர், காரைக்குடி)

அரிசி களையும் பாத்திரத்தில் தண்ணீரைச் சுழற்றிவிட்டுக் கையை எடுங்கள். அரிசி ஓரத்துக்குப் போகாது, நடுவில் குவியும். அடியை ஒட்டிய தண்ணீர் மெதுவாகச் சுற்றுவதால், மேலே சுற்றும் தண்ணீரின் அழுத்தம் அதை உள்ளே தள்ளிவிடுகிறது. கேஸ்கேடிலும் இதேதான். ஓட்டம் வளையும்போது பிளேடின் குழிந்த பக்கமான பிரஷர் சைடில் அழுத்தம் கூடும், சக்‌ஷன் சைடில், அதாவது புடைத்த பக்கத்தில், குறையும். நடு உயரக் காற்றுக்கு அதை ஈடுகட்டும் வேகம் உண்டு. சுவரோர எல்லைப்படலத்துக்கு (பிளேடுகள் பொருத்திய சுவரை ஒட்டி மெதுவாக நகரும் மெல்லிய காற்றடுக்குக்கு) அது இல்லை. அது குறுக்கே சக்‌ஷன் சைடுக்கு நழுவி, பிளேடின் மேல் ஏறிச் சுருள்கிறது.

அப்படியானால் குதிரைலாடச் சுழல்? (அதே மாணவர்)

அது பிளேடின் முன்விளிம்பில் பிறப்பது. வந்து மோதும் எல்லைப்படலம் சுருண்டு, இரு கால்களாகப் பிரியும். பிரஷர் சைடுக் கால் பாதையைக் கடந்து பாசேஜ் வோர்டெக்ஸோடு கலந்துவிடும். சக்‌ஷன் சைடுக் கால் எதிர்த்திசையில் சுழன்றபடி பிளேடை ஒட்டியே போகும். லாங்ஸ்டன் 1980இல் வரைந்த படத்தை இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது இதனால்தான்.

ஐந்து துளை புரோபில் (துளைகளின் அழுத்தத்திலிருந்து ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் காட்டும் கருவியில்) அளக்கிறோம். சுவர் அருகே கோணம் தாறுமாறாக வருகிறது, அண்ணே. (ஆய்வு மாணவி, தேவகோட்டை)

முதலில் டியூபில் கசிவு பாரும்மா. முனையை அடைத்து, அழுத்தம் கொடுத்து, மானோமீட்டர் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 30 மீ/வி வேகத்தில் டைனமிக் பிரஷர் (ஓட்ட வேகத்தால் வரும் அழுத்தம்) சுமார் 520 பாஸ்கல், அதாவது 53 மி.மீ. தண்ணீர்தான். அதில் சிறு கசிவும் பெரிய பிழை.

அடுத்தது புரோப் தலையின் அளவு. சுவருக்கு அருகே வேகம் சட்டென்று மாறுவதால் எதிரெதிர்த் துளைகள் வெவ்வேறு வேகத்தைக் காணும். இல்லாத கோணத்தைக் காட்டும். சுவரிலிருந்து தலையின் விட்டத்தைப்போல் இரு மடங்குத் தூரத்துக்குள் வரும் எண்ணை நம்பாதே. மெல்லிய நீளமான டியூப் என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் நிலைக்கும்வரை பொறு. அவசரப்பட்டால் முந்தைய புள்ளியின் நிழல் அடுத்ததில் விழும். கேலிப்ரேஷன் (புரோபின் அளவுத்திருத்தம்) ±30° வரைதான் என்றால் சுழலின் மையத்தில் அந்த எல்லையைத் தாண்டுகிறதா என்றும் பார்.

எந்த இரண்டு சோதனையையும் ஒப்பிடும்போது அளக்கும் தளம் ஒன்றாகவே இருக்கட்டும். பின்னால் போகப் போகச் சுழலின் இயக்க ஆற்றல் கரைந்து இழப்பாக மாறுகிறது. தளத்தை நகர்த்தினால் இழப்பு எண்ணும் நகரும்.

சி.எஃப்.டி.யில் (கணினியில் செய்யும் ஓட்டக் கணக்கீட்டில்) நடு உயரம் அச்சாகப் பொருந்துகிறது, சுவரோரம் பொருந்தவில்லை. மெஷ்ஷை (கணக்கீட்டுக் கட்டங்களை) கூட்டலாமா? (பள்ளத்தூர்)

கூட்டும் முன், நுழைவில் என்ன கொடுத்தீர்கள்? எங்கும் ஒரே வேகம் கொடுத்திருந்தால் மெல்லிய எல்லைப்படலத்தை நீங்களே கட்டிவைத்துவிட்டீர்கள். சுழலும் சிறியதாகத்தான் வரும். டனலில் முன்விளிம்புக்கு ஒரு கார்டு நீளம் (பிளேடின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான நீளம்) முன்னால் அளந்த வேகச் சுயவிவரத்தை அப்படியே உள்ளே கொடுங்கள். பாதிப் பேர் விடுவது இதைத்தான். பிறகு சுவரில் ஒய்-பிளஸ் (சுவருக்கும் முதல் கட்டத்துக்குமான தூரத்தின் அலகற்ற அளவு) 1க்கு அருகே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மேல்தான் டர்புலன்ஸ் மாடலை (கொந்தளிப்பு ஓட்டத்தைக் கணிக்கும் மாதிரியை) குறை சொல்லலாம்.

சுவரோர ஓட்டத்தின் தடத்தைக் காட்டும் எண்ணெய்ப் படம் எடுக்கக் கலவை எப்படி? (கானாடுகாத்தான்)

கறுப்பு மேட் பெயின்ட் அடித்த பரப்பு, டைட்டானியம் டையாக்சைடு தூள், லேசான எண்ணெய், கட்டி பிடிக்காமலிருக்க ஓலெயிக் அமிலம் சில சொட்டு. செங்குத்துச் சுவரில் வழிந்தால் எண்ணெயைக் கெட்டியாக்குங்கள்.

மே மாத வெயிலில் டனல் ஓட்டலாமா?

ஓட்டலாம். காலை 30°, மதியம் 40° என்றால் காற்றின் அடர்த்தி 3 சதவீதம் குறையும். வெப்பநிலையை ஒவ்வொரு அளவோடும் பதியுங்கள்.

பிளேடு முனைக்கும் உறைக்கும் நடுவே வரும் முனை இடைவெளிக் கசிவை அசையாத கேஸ்கேடில் அளந்தால் போதுமா? (காரைக்குடி)

போதாது. டர்பைனில், பிளேடிலிருந்து பார்த்தால் உறை சக்‌ஷன் சைடிலிருந்து பிரஷர் சைடுக்கு நகர்கிறது, கசிவுக்கு எதிராக. ஆகவே அசையாத சோதனை கசிவைக் கூட்டிக் காட்டும். கம்ப்ரஸரில் இது தலைகீழ்.

சுழலைக் குறைக்கச் சுவரையே வளைக்கலாமாமே?

உண்மை. பிரஷர் சைடை ஒட்டிச் சுவரைப் புடைக்கவைத்தால் அங்கே ஓட்டம் வேகமெடுத்து அழுத்தம் குறையும். சக்‌ஷன் சைடில் பள்ளம் வைத்தால் கூடும். குறுக்கே தள்ளும் வேறுபாடு தணியும். ரோல்ஸ்-ராய்ஸ் டிரென்ட் 500 விமான எஞ்சினின் டர்பைனில் இதைக் கையாண்டார்கள். ஆனால் புடைப்பு அதிகமானால் ஓட்டம் பிரிந்துவிடும். சமதளச் சுவரே தேவலை என்றாகிவிடும்.