ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாத நான், விளையாட்டான இக்கால ஓவியங்களையும் இலஸ்ட்ரேஷன்களையும் எங்கே பார்க்கத் தொடங்கலாம்?

நீங்கள் அனேகமாகப் போனில்தான் படம் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு படம் மனதில் பதிவதற்குள் விரல் அடுத்ததைத் தள்ளிவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், முதலில் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய படத்தைத் தேடிப் போங்கள். சென்னை என்றால் திருவான்மியூரில் தாரா புக்ஸ் என்ற படப் புத்தகப் பதிப்பகம் இருக்கிறது.

என் அப்பா திருவல்லிக்கேணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாக மையைக் கையால் இழுத்து அச்சிடுபவர். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, துணிப்பை எல்லாம் போடுவார். ஆஃப்செட் இயந்திர அச்சு மலிவானதும் தொழில் படுத்துவிட்டது. நான் கம்ப்யூட்டர் டிசைனிங் கற்றுக்கொண்டேன். அப்பாவின் வேலை காலாவதியான வேலை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் மகளோடு தாரா புக்ஸுக்குப் போனேன். அவள் முதலில் எடுத்தது, மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் லண்டனைப் பற்றி வரைந்த புத்தகம். போபாலில் இரவுக் காவலாளியாகக்கூட வேலை பார்த்தவர் அவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்டப் போயிருக்கிறார். அங்கே கண்டதையெல்லாம் தன் ஊர்க் கண்ணால் வரைந்துவிட்டார். பாதாள ரயில் மண்புழு ஆகிவிட்டது, 30-ஆம் நம்பர் பஸ் விசுவாசமான நாய், இருட்டியதும் வெளியே கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள்! பிக் பென் மணிக்கூண்டைச் சேவலோடு சேர்த்திருந்தார்.

"சேவலுக்குள்ள எதுக்குப்பா கடிகாரம்?" என்றாள் மகள்.

"அவங்க ஊர்ல நேரம் சொல்றது சேவல், லண்டன்ல நேரம் சொல்றது கடிகாரம்" என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதைக் குழந்தைப் படம் என்று சிலர் ஒதுக்குவார்கள், தெரியும். பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதைவிட, தெரியாத ஊரைத் தெரிந்த விலங்காக மாற்றிப் பழகிக்கொள்ள எவ்வளவு யோசித்திருக்க வேண்டும் என்று பாருங்கள். நான் விளையாட்டு என்று சொல்வது இதைத்தான்.

அப்புறம் கறுப்புத் தாளில் அச்சிட்ட இன்னொரு புத்தகத்தை எடுத்தேன். பஜ்ஜு ஷ்யாமோடு துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி என மூன்று கோண்டு ஓவியர்கள் வரைந்த, இரவில் விழித்திருக்கும் மரங்கள். இத்தாலியின் பொலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியில் 2008-இல் விருது வாங்கியது. பக்கத்தைத் தடவியதும் மை விரலில் தட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கிரீன் பிரிண்டிங்! கையால் செய்த தாளில், ஒவ்வொரு கலரையும் தனித்தனியாகக் கையால் இழுத்து அச்சிட்டு, கையாலேயே தைத்திருக்கிறார்கள்.

ஒரு பிரதி வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலை ஒரு கிளையின் ஓரமாக நகர்த்தினார். "ரிஜிஸ்டர் ஒரு நூல் தவறலைடா" என்றார். ஒவ்வொரு கலரும் அதனதன் இடத்தில் பிசகாமல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு வெகுநேரம் பேசவே இல்லை.

விலை அதிகம் என்பீர்கள். இருக்கலாம். அங்கேயே நின்று புரட்டிப் பார்த்துவிட்டு வெறும் கையோடு வந்தாலும் நஷ்டமில்லை. தாரா புக்ஸுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாராவது பின்னூட்டம் போடும் முன் சொல்லிவிடுகிறேன், எனக்கு அங்கே யாரையும் தெரியாது. சுவரோவியம் பிடித்தால், குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்ட சென்னை கண்ணகி நகர் போகலாம். ஆனால் அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறக்காமல் போங்கள்.

சொல்ல வந்ததோடு இன்னொன்றும். சென்ற வருடம் ஒரு கடைக்காரருக்கு நான்கு நாள் உட்கார்ந்து கையால் ஒரு கிளி வரைந்து கொடுத்தேன். "மாதிரிதானே" என்று வாங்கிப்போனார். பத்தாவது நாள் அதே கிளி அவர் கடை வாசலில் ஃபிளெக்ஸில் நின்றது. பணம் கேட்டதற்கு, "ஒரு படத்துக்குப் போய் காசா?" என்றார். இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. ஆகவே, உங்களுக்கு ஒரு படம் பிடித்துப்போனால் யார் வரைந்தது என்று தேடி அந்தப் பெயரையும் சேர்த்துப் பகிருங்கள்.

திருவான்மியூர் போவதானால், அன்று திறந்திருக்கிறார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.