செத்தவளுக்குப் பெயர் இல்லையா?

கேள்வி: சிகா உனிக்வேயின் 'ஆன் பிளாக் சிஸ்டர்ஸ் ஸ்ட்ரீட்' நாவலை அருமையான ஆப்பிரிக்கக் கிரைம் கதை என்று நண்பர் கொடுத்தார். ஒரு பெண் கொலையாகிறாள். அப்புறம் துப்பறிபவரும் இல்லை, தடயமும் இல்லை. கூட இருந்த மூன்று பெண்கள் உட்கார்ந்து சொந்தக் கதை சொல்லி அழுகிறார்கள். இதற்குப் பெயர் கிரைம் நாவலா? ஆப்பிரிக்கா என்றாலே அவலத்தைத்தான் எழுதுவார்களா?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொலை நடந்த ஊர் எது? பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப். அங்கே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அந்தப் பெண்கள் நிற்கிறார்கள். வெளியே தெருவில் நின்று பார்த்துவிட்டு, காசு கொடுத்து உள்ளே வருகிறவர்கள் ஐரோப்பியர்கள். குற்றத்தில் பாதி அங்கே நடக்கிறது, வரவு செலவும் யூரோவில்தான். அவலம் மட்டும் எப்படி ஐயா முழுக்க ஆப்பிரிக்காவின் கணக்கில் ஏறியது?

தலைப்பில் இருக்கும் தெருவின் பெயரையும் கவனித்திருக்கலாம். கறுப்பு அங்கி அணிந்த கன்னியாஸ்திரீகளால் வந்த பழைய பெயர் அது. அதே தெருவில் நான்கு கறுப்பினப் பெண்களைக் குடிவைத்திருக்கிறார் உனிக்வே. தலைப்பிலேயே குத்திவிட்டார்.

சரி, கிரைமுக்கு வருவோம். தடயமே இல்லை என்கிறீர்கள். ஒரு தடயம் சொல்கிறேன், பேனா எடுத்துக் கூட்டிப் பாருங்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் டெலே என்ற ஆள், ஐரோப்பாவுக்கு அனுப்பிவைக்க ஒருத்திக்கு 30,000 யூரோ என்கிறான். கையில் காசு வேண்டாம், போய்ச் சேர்ந்த பிறகு சம்பாதித்து அடைத்தால் போதும், மாதம் குறைந்தது 500. அதாவது 60 மாதம், ஐந்து வருடம். அதில் ஒரு மாதம்கூட உடம்புக்கு முடியாமல் போகக் கூடாது. பாஸ்போர்ட், அங்கே இவர்களை வைத்துப் பாலியல் தொழில் நடத்தும் 'மேடம்' கையில். கொலையான பெண் லாகோஸ் பல்கலைக்கழகத்தில் நிதி, வணிக நிர்வாகம் படித்துவிட்டு, வங்கி வேலைக்கு நடையாய் நடந்து கிடைக்காமல் போனவள். தன் கடனை அவளைவிட நன்றாக யார் கணக்குப் போட்டிருக்க முடியும்? அவள் ஏன் செத்தாள் என்பதற்கான விடை இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ரத்தக்கறையையும் கைரேகையையும் தேடிப் பழகியவர்கள் இந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவார்கள். நீங்களும் தள்ளியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. வழக்கமான துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்பதுதான் மர்மம். இங்கே உயிரோடு இருப்பவர்கள் யார் என்பதே மர்மம். ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள், ஒருத்திக்கு மற்றவளின் கதை தெரியாது. மூவரில் ஒருத்தியான ஜாய்ஸ் நைஜீரியப் பெண்ணே இல்லை என்பது, கூட இருந்தவள் செத்த பிறகுதான் மற்ற இருவருக்கும் தெரியவருகிறது. அவள் சூடானில் குடும்பத்தைப் பறிகொடுத்து வந்தவள், பெயரும் வேறு. அதேநேரம் கொலையானவளுக்கு, பெல்ஜியத்தில் அகதி விண்ணப்பம் போடுவதற்காக, லைபீரியப் போரில் தப்பியவள் என்று ஒரு கதை தயாரித்துக் கொடுக்கிறார்கள். போரைப் பார்க்காதவள் அதிகாரிகள் முன் போர்க்கதை சொல்கிறாள். பார்த்தவள் வாய் திறப்பதில்லை. இதைவிடப் பெரிய துப்பு உங்களுக்கு வேறு என்ன வேண்டும்? அழுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வாக்குமூலமாகப் பட்டது. கேட்க ஆள் இல்லாததால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்குமூலம்.

இதெல்லாம் நாவலாசிரியரின் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். நைஜீரியாவின் எடோ மாநிலத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கடத்தப்படும் பெண்களிடம், கிளம்பும் முன் கோயிலில் தலைமுடி, நகம் எடுத்துச் சத்தியம் வாங்குவது பல வருடமாக நடந்தது. கடனை அடைக்காவிட்டால், காட்டிக்கொடுத்தால், தெய்வம் தண்டிக்கும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இத்தாலியில் நிற்பவளை அந்த நகத்துண்டு கட்டிப்போட்டது. ஆள் கடத்தலைத் தடுக்க நைஜீரிய அரசு 2003இலேயே தனி அமைப்பு தொடங்கியும் இந்தப் பயத்தைத் தொட முடியவில்லை. கடைசியில் 2018 மார்ச்சில், எடோ மாநிலத் தலைநகரான பெனின் நகரத்து மன்னர் இரண்டாம் எவுவாரே, பூசாரிகளைக் கூட்டி அந்தச் சத்தியங்கள் செல்லாது என்று அறிவித்து, இனி வாங்குகிறவர்களுக்குச் சாபமும் விட்டார். சட்டப் புத்தகத்தோடு சாபமும் தேவைப்பட்ட குற்றம் இது. இதற்குப் பைப் பிடித்த துப்பறிவாளர் வந்து என்ன செய்வார்?

துப்பறிபவர் இல்லாமல் தூக்கம் வராது என்றால் முகோமா வா கூகியின் 'நைரோபி ஹீட்' படியுங்கள். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழில் நாம் படித்தோமே, அதை எழுதிய கூகி வா தியாங்கோவின் மகன்தான் இவர். அமெரிக்காவின் மேடிசன் நகரில் ஒரு வீட்டு வாசலில் வெள்ளைக்காரப் பெண்ணின் பிணம். அந்த வீட்டுக்காரர் 1994 ருவாண்டா இனப்படுகொலையில் பலரைக் காப்பாற்றியவர் என்று உலகம் கொண்டாடும் மனிதர். விசாரிக்கும் கறுப்பின போலீஸ்காரர் தடயம் தேடி நைரோபி போகிறார். துப்பாக்கி, துரத்தல் எல்லாம் தாராளமாக உண்டு. சில இடங்களில் கொஞ்சம் சினிமாத்தனம்தான், மறைக்கவில்லை. முடிவைச் சொல்லமாட்டேன். நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட நாட்டிலிருந்து வந்தவரின் கடந்தகாலத்தை யார் சரிபார்ப்பது என்ற கேள்வியோடு படியுங்கள்.

சிரித்துக்கொண்டே படிக்க வேண்டுமா? ஓயின்கான் பிரெய்த்வெயிட்டின் 'மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்' இருக்கிறது. லாகோஸ்தான் களம். தங்கை காதலர்களைக் கொல்கிறாள், நர்ஸ் அக்கா பிளீச் போட்டுத் தரையைக் கழுவுகிறாள். ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். எழுத்தாளர் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். செத்தவளை மட்டும் 'ஒரு பெண்' என்று விட்டுவிட்டீர்கள். நாவலில் அவளுக்கு இரண்டு பெயர்கள், ஒன்று அவள் அப்பா அம்மா வைத்தது. புத்தகத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுக்கும் முன் அதைத் தேடி எழுதி அனுப்புங்கள்.