வடிகட்டியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறதே?

கேள்வி: எங்களுக்கு ஏரித் தண்ணீர்தான். மழை பிடித்தால் டீத்தூள் கழுவிய நிறத்தில் வருகிறது. மணல் ஃபில்டர் இருந்தும் ஏன் சார்?

பதில்: கலங்கல் வேறு, கரைந்தது வேறு. இலையும் சருகும் பாசியும் மட்கி இறங்கிய சாறு அது. ஆய்வகத்தில் 0.45 மைக்ரான் துளையைத் தாண்டுவதைத்தான் 'கரைந்தது' என்று கணக்கு வைப்போம். மணல் எம்மாத்திரம்?

கேள்வி: குடித்தால் கெடுதலா?

பதில்: சாறு மட்டும் என்றால் பெரிதாக இல்லை. குளோரினோடு சேர்ந்தால்தான் வம்பு. குளோரோஃபார்ம் போன்றவை உருவாவதை 1974-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் காட்டினார். நம் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் குளோரோஃபார்முக்கு வரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அதற்காகக் குளோரினை நிறுத்திவிடாதீர்கள். இதன் கெடுதல் பல வருஷம் குடித்தால் வரும் கணக்கு. வாந்திபேதி நாளைக்கே வரும்.

கேள்வி: நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். ஆலம் (படிகாரம்) போட்டால் தெளிகிறது, நிறம் மட்டும் நிற்கிறது.

பதில்: கலங்கலைப் பார்த்து அளவு போடுகிறீர்கள் தம்பி. அந்தச் சாற்றில் இருக்கும் ஹியூமிக் அமிலங்கள் எதிர்மின்னேற்றம் உள்ளவை. அதைச் சமன்செய்யவே நிறைய ஆலம் போய்விடும். பிஹெச், அதாவது அமில-கார அளவு, 6-ஐ ஒட்டி இருந்தால் அதே ஆலம் கூடுதலாக இழுக்கும். சிறிய அளவில் சோதிக்கும் ஜார் டெஸ்ட்டில் ஆறு பீக்கரிலும் ஒரே அளவு ஆலம் போட்டு, பிஹெச்சை மட்டும் மாற்றிப் பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம். தெளிந்ததை வடிகட்டி 254 நானோமீட்டரில் புறஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவு எடுங்கள், மிச்சமிருக்கும் சாறு அதில் தெரியும். காரத்தன்மை குறைந்த தண்ணீரில் ஆலமே பிஹெச்சை இறக்கிவிடும், மற்றதற்கு அமிலம் தேவை. ஃபில்டருக்குப் பிறகு சுண்ணாம்பால் பிஹெச்சை ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் குழாயை அரிக்கும். முக்கியமாக, ஏரித் தண்ணீர் வந்ததுமே குளோரின் விடும் பழக்கம் இருந்தால், முடிந்தவரை அதை ஃபில்டருக்குப் பின்னால் தள்ளுங்கள்.

கேள்வி: ஆலத்துக்குப் பதில் முருங்கை விதை?

பதில்: கலங்கலுக்குக் கெட்டிக்காரன். ஆனால் அரைத்த விதையை அப்படியே கலக்கினால் அதன் சத்தும் தண்ணீரில் கரையும். குறைக்க நினைத்த கரைந்த பொருளே கூடும். குடத்துக்குச் சரி, தொட்டியில் தேக்கிவைக்க ஆகாது.

கேள்வி: வீட்டில் கொதிக்க வைத்தால் போதாதா ஐயா?

பதில்: கிருமி சாகும், குளோரோஃபார்ம் பெரும்பாலும் ஆவியாகும், நிறம் போகாது. நிறத்தைக் கார்பன் கார்ட்ரிட்ஜ் பிடிக்கும். ஆனால் நிரம்பிய பிறகு அது வெறும் கரித்துண்டு. மாற்றும் தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள்.