தண்ணீர் படும் இடத்துக்கு எந்த ஸ்பீக்கர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குளிக்கும்போதும், பயணம் போகும் இடங்களில் ஆற்றங்கரையில் அமரும்போதும் பாட்டுக் கேட்பதற்காகச் சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். பெருந்தொகை செலவிட இயலாது. ஏறத்தாழ ஒரே விலையில் இருக்கும் மூன்று ஸ்பீக்கர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ‘வாட்டர் புரூஃப்’ என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் ஐபிஎக்ஸ்5 என்றும், மூன்றாவதில் ஐபி67 என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. எண் பெரிதாக உள்ளதையே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா?

பதில்: எண் எதுவும் இல்லாமல் ‘வாட்டர் புரூஃப்’ என்று மட்டும் போட்டிருக்கும் ஸ்பீக்கரை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கை கழுவும்போது தெறிக்கும் நாலு துளியைத் தாங்கும் பொருளையும், வாளித் தண்ணீருக்குள் விழுந்து எழும் பொருளையும் அந்த ஒரே சொல்லைச் சொல்லி விற்றுவிட முடியும். ஐபி என்று தொடங்கும் குறியீட்டுக்கோ திட்டமான சோதனை முறை உண்டு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 எனும் தரநிலை அதை வகுத்திருக்கிறது. அதில் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது இலக்கம் தண்ணீரையும் குறிக்கும். இலக்கத்துக்குப் பதிலாக எக்ஸ் என்று இருந்தால், அந்த ஒன்றுக்கு மதிப்பீடு தரப்படவில்லை என்று பொருள்; ஐபிஎக்ஸ்5 என்று போட்ட ஸ்பீக்கர் தூசியைத் தாங்காது என்று அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம், தாங்கும் என்று நம்பவும் வேண்டாம்.

தண்ணீருக்கான இலக்கங்களில் உங்களுக்கு வேண்டியவை நான்குதான். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 5 என்றால், 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 6 என்பது அதே சோதனையின் கடுமையான வடிவம், குழாய்வாய் 12.5 மில்லிமீட்டர், தண்ணீர் நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் உள்ளே போகாது.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். 7 என்பது 5-ஐயும் 6-ஐயும் தாண்டிய அடுத்த படி என்று எண்ணிக்கொள்கிறார்கள், அப்படியல்ல. மூழ்குதல் ஒரு சோதனை, பீய்ச்சுதல் வேறொரு சோதனை. அசையாமல் நிற்கும் தண்ணீர் நாலாபுறமும் சீராக அழுத்துகிறது. பீய்ச்சும் தண்ணீரோ ஓரிடத்தில் வேகமாக மோதி, ரப்பர் மூடியின் விளிம்பைத் தூக்கிவிடக்கூடும். ஆகவே 7 மட்டும் பெற்ற பொருள் பீய்ச்சும் நீருக்கும் தகுதி பெற்றதாகத் தரநிலை எடுத்துக்கொள்வதில்லை. இரண்டிலும் தேறிய பொருள் என்றால், ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்7 என்று இரண்டையும் சேர்த்தே குறிப்பிட்டிருப்பார்கள்.

மேலும், இந்தச் சோதனைகள் யாவும் புதிய பொருளின்மீது, நல்ல தண்ணீரில் நடத்தப்படுபவை. சோப்பு நீரும், ஷாம்பூவும், கடல்நீரும், குளோரின் கலந்த நீச்சல்குள நீரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. சோப்பு கலந்த தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைவு. நல்ல தண்ணீர் நுழையாத மெல்லிய இடுக்கில்கூட அது ஊர்ந்து போய்விடும். மூழ்கும் சோதனையில் தண்ணீரின் சூட்டுக்கும் பொருளின் சூட்டுக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் நீங்கள் ஆற்றங்கரையில் வெயிலில் வைத்திருந்த ஸ்பீக்கர் குளிர்ந்த நீரில் விழுந்தால், சூடேறி விரிந்திருந்த உள்காற்று சட்டென்று சுருங்கி, இடுக்கு வழியே நீரை உள்ளே இழுக்கப் பார்க்கும். நீராவியும் இப்படித்தான், துளியை நிறுத்தும் அடைப்பு ஆவியையும் நிறுத்தும் என்று சொல்வதற்கில்லை. வெந்நீரில் கதவை அடைத்துக்கொண்டு குளிப்பவர், எந்த எண் போட்ட ஸ்பீக்கராக இருந்தாலும், அதை ஆவி சூழாத மூலையில் வைப்பதே நல்லது.

உங்கள் இரு தேவைகளுக்கும் என் பரிந்துரை ஐபி67 போட்டிருக்கும் ஸ்பீக்கர்தான். கரையிலிருந்து அது ஆற்றில் உருண்டு விழலாம் என்பதற்காக 7. மணல் இருக்கும் என்பதற்காக 6. தூசிக்கு 5 என்ற இலக்கம் பெற்ற பொருளில் தூசி சிறிது உள்ளே போகலாம், இயக்கத்தைக் கெடுக்காது. 6 பெற்றதில் போகவே கூடாது. குளியலறையில் மட்டும் அதை ஷவரின் நேர்த்தாரை படாத அலமாரியில் வையுங்கள். ஆற்றங்கரை உங்கள் கணக்கில் இல்லையென்றால் ஐபிஎக்ஸ்5 தாராளமாகப் போதும் என்றே சொல்லியிருப்பேன். ஏனென்றால், குறைந்த விலைப் பொருளில் தயாரிப்பாளர் கையில் இருக்கும் தொகை சிறியது. அடைப்புக்குப் போனது போக மிஞ்சுவதுதான் ஒலிக்கும் பேட்டரிக்கும் போகிறது. தேவைப்படாத பாதுகாப்புக்குக் காசு கொடுத்து, தேவைப்படும் ஒலியைக் கோட்டைவிட வேண்டாம்.

வாங்குமுன் சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடியை விரல் நகத்தால் திறந்து மூடிப் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் துளைக்குள் இறங்கி அடைக்கும்படி ஒரு விளிம்பு இருக்க வேண்டும். அழுத்தும்போது அது இறுகப் பொருந்துவது விரலுக்கே தெரியும். தட்டையான ரப்பர் துண்டு ஒன்று சும்மா மேலே படிந்திருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. மூடியே இல்லாமல் துளையையே உட்புறமாக அடைத்துச் செய்திருக்கும் ஸ்பீக்கர்களும் உண்டு; மூட மறந்துபோகும் பழக்கம் உள்ளவர்களுக்கு அவை ஏற்றவை. உத்தரவாதச் சீட்டையும் அங்கேயே படித்துவிடுங்கள். பெட்டியின் மேல் ஐபி67 என்று பெரிதாக அச்சிட்டுவிட்டு, தண்ணீரால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்று உள்ளே சிறிய எழுத்தில் போட்டிருந்தால், அந்த எண்ணைத் தயாரிப்பாளரே எவ்வளவு நம்புகிறார் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

கேள்வி: ஒரு ஸ்பீக்கர் 10 வாட், இன்னொன்று 20 வாட். இரண்டாவதில் சத்தம் இருமடங்கு இருக்குமா? புளூடூத் பதிப்பு எண் கூடினால் ஒலியும் நன்றாக இருக்குமா? பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்பதை எப்படி நம்புவது?

பதில்: சத்தம் இருமடங்கு இருக்காது. மின்திறன் இருமடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சற்றே கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். இருமடங்கு சத்தமாகக் கேட்கிறது என்று நாம் உணர ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. போதாததற்கு, பெட்டியில் உள்ள வாட் எண் ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்சமா, தொடர்ந்து தரக்கூடிய அளவா என்பதைப் பல தயாரிப்பாளர்கள் சொல்வதில்லை. ஆகவே வாட் எண்ணை வைத்து வெவ்வேறு நிறுவனங்களின் பொருள்களை ஒப்பிடுவதில் பயன் குறைவு.

என்னைக் கேட்டால், எண்களை விட்டுவிட்டு, பெட்டியின் அளவையும் எடையையும் பாருங்கள் என்பேன். கனமான அடித்தள ஒலியை, அதாவது பேஸை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியால் அது இயலாது. தண்ணீர் புகாத ஸ்பீக்கரில் காற்றுத் துவாரம் வைக்கவும் வழியில்லை என்பதால், இரு முனைகளிலும் பேசிவ் ரேடியேட்டர் எனப்படும் ரப்பர் சவ்வுகளை வைக்கிறார்கள். இவற்றுக்கு மின் இணைப்பு கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் காற்று அழுத்தும்போது முன்னும் பின்னும் அதிர்ந்து பேஸைக் கூட்டித் தருகின்றன. பாட்டு ஓடும்போது அவை துடிப்பது கண்ணுக்கே தெரியும். அவற்றை விரலால் குத்திப் பார்க்க வேண்டாம். கிழிந்தால் ஒலியும் போகும், நீர்க்காப்பும் போகும்.

கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், உங்களுக்கு நன்கு பழக்கமான பாட்டு ஒன்றை உங்கள் கைப்பேசியிலிருந்தே போடுங்கள். முதலில் குறைந்த ஒலியில் கேளுங்கள். பிறகு முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள். சிறிய ஸ்பீக்கர்களில், ஒலி ஏற ஏற, பழுதாகாமல் காத்துக்கொள்வதற்காக உள்ளிருக்கும் மின்சுற்றே பேஸைக் குறைத்துவிடும். தாள வாத்தியத்தின் கனமான அடி முக்கால் அளவில் வெறும் தட்டலாகத் தேய்ந்துவிடுகிறதா, பாடுபவரின் குரல் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். திறந்தவெளியில் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி கிடையாது என்பதால் நீங்கள் பெரும்பாலும் அந்த முக்கால் அளவில்தான் கேட்கப்போகிறீர்கள். ஆகவே அங்கே தேறாத ஸ்பீக்கரை விட்டுவிடலாம்.

புளூடூத் பதிப்பு எண்ணுக்கும் இசையின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. எஸ்பிசி எனும் ஒலிக்குறியாக்கம், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை, வழக்கமான புளூடூத் இசைக் கருவிகள் எல்லாவற்றிலும் கட்டாயமாக இருக்கிறது. விலை குறைந்த சிறு ஸ்பீக்கருக்கு அதுவே போதும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் வெகுவாக உறிஞ்சிவிடும். மூழ்கிய ஸ்பீக்கர் உயிரோடு இருந்தாலும் பாட்டு நின்றுவிடும். நடுவே ஆட்கள் நின்றாலும் இணைப்பு விட்டுவிட்டு வருவது இதனால்தான். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர்.

பேட்டரியைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கு பெரும்பாலும் பாதி ஒலியில் எடுத்தது. ஒப்பிட வேண்டுமானால், பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலின் அளவான வாட்-மணியை ஒப்பிடுங்கள். 3.7 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தால், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 7.4 வாட்-மணி கிடைக்கும். ஒரே அளவுள்ள இரு ஸ்பீக்கர்களில் ஒன்று சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டு மற்றதைவிட இருமடங்கு நேரம் பாடும் என்று சொன்னால், எந்த ஒலி அளவில் என்று கேட்க வேண்டியதுதான்.

கேள்வி: ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்குவதைவிட, சிறியதாக இரண்டு வாங்கி இணைத்துக்கொள்வது நல்லதா?

பதில்: ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருந்தால் பெரும்பாலும் இணைத்துக்கொள்ள முடியும். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்பீக்கர்களை இணைக்கலாம் என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம். இடம், வலம் என்று தள்ளி வைத்துக் கேட்க ஆசைப்படுபவருக்கு இரண்டு சிறியவை நிறைவைத் தரும். பேஸ் வேண்டும் என்பவருக்கு ஒரு பெரியதே நல்லது.

கேள்வி: வாங்கிய ஸ்பீக்கர் தொட்டித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. எடுத்தபின் பாடுகிறது, ஆனால் ஒலி மந்தமாக இருக்கிறது. உடனே சார்ஜ் போடலாமா? இன்னொரு குறையும் உண்டு: புதிய கைப்பேசியோடு வந்த, இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் அது சார்ஜ் ஏறவே இல்லை.

பதில்: சார்ஜ் போடவே வேண்டாம். ஒலி மந்தமாக இருப்பதற்கு, முன்புறத் துணிக்கும் சவ்வுக்கும் இடையே தண்ணீர் தேங்கியிருப்பதே பெரும்பாலும் காரணம். ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பிடித்து மெதுவாக உதறி, துணியில் ஒற்றி எடுத்து, காற்றோட்டமான நிழலில் நிறுத்தி வையுங்கள். ஹேர் டிரையரின் சூடான காற்றைக் காட்டினால் உள்ளிருக்கும் பசையும் ரப்பரும் இளகலாம். சோப்பு நீரிலோ உப்பு நீரிலோ விழுந்திருந்தால், மூடி இறுக்கமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, காயவைக்குமுன் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். சார்ஜ் துளையில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், அதன் நுண்ணிய உலோகத் தொடுமுனைகள் வேகமாக அரித்துப்போகும். துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, பளபளக்கும் துளி ஏதும் இல்லை என்பது உறுதியான பிறகும், ஓர் இரவு முழுவதும் விட்டுவைப்பது நல்லது. நன்றாக உலர்ந்த பிறகும் ஒலி தெளியாவிட்டால் தண்ணீர் உள்ளே போயிருக்கக்கூடும். அப்போது அதைச் சார்ஜ் செய்து பார்க்காமல் பழுதுநீக்கும் இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். நனைந்த லித்தியம் பேட்டரியோடு துணிச்சல் காட்ட வேண்டாம்.

இரண்டாவது குறை தண்ணீரால் வந்ததல்ல. இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில், எதிர்முனையில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கருவி இருக்கிறது என்பதைச் சார்ஜர் உணர்ந்த பிறகே மின்சாரத்தை அனுப்பும். அப்படி உணர்த்துவதற்கு அந்தக் கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். விலை குறைந்த சில ஸ்பீக்கர்களில் இதை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். சார்ஜர் பக்கம் பழைய அகலமான யுஎஸ்பி முனையும், ஸ்பீக்கர் பக்கம் டைப்-சி முனையும் உள்ள கேபிளைப் பழைய சார்ஜரில் செருகினால் சார்ஜ் ஏறும். ஸ்பீக்கரோடு பெட்டியில் வந்தது பெரும்பாலும் அந்த வகைக் கேபிளாகவே இருக்கும். அதைத் தொலைத்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.