மேய்ப்பர் வாழ்வைக் காட்டும் மரச்செதுக்குப் படங்களில் ஆடு, மரம், நிலவுக்கெல்லாம் தனித்தனிப் பொருள் உண்டா?

ஆடு என்றால் கபடமின்மை, பட்ட மரம் என்றால் மரணம் என்று நானும் ஒரு காலத்தில் நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் செதுக்கிய 17 படங்களைப் பார்த்த பிறகு அந்த நோட்டு பயன்படவில்லை.

ராபர்ட் ஜான் தார்ன்டன் என்ற மருத்துவர் 1821-இல் லண்டனில் வெளியிட்ட, பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் பள்ளிப் பதிப்புக்காக அறுபது வயது கடந்த பிளேக் செதுக்கியவை அவை. அவர் மரத்தில் செதுக்கியது அந்த ஒரு முறைதான். ஒவ்வொரு படமும் சுமார் 3.5 செ.மீ. உயரம், 7.5 செ.மீ. அகலம். படங்கள் துணை போகும் பாட்டின் கதை எளிது: கோலினெட் என்ற இளம் மேய்ப்பன் தன் துயரத்தைச் சொல்லிப் புலம்புகிறான், முதியவர் தேனோட் தேற்றுகிறார்.

பயிரை நோயும் பூத்த வேலியைக் காற்றும் அழிக்கும் கெட்ட வேளையில் பிறந்தவனோ நீ என்று முதியவர் கேட்கிறார். பாட்டில் அது பேச்சோடு பேச்சாக வரும் ஓர் உவமை. பிளேக்கோ பேசுகிற இருவரையும் விட்டுவிட்டு உவமையை மட்டும் செதுக்குகிறார்: சாய்ந்து கிடக்கும் பயிர், காற்றில் வளைந்த மரம், மேலே பிறை. கோலினெட்டின் மனம் முழுவதும் அந்த வயலில் கிடக்கிறது. உருளும் கல்லில் பாசி படியாது என்ற பழமொழி வரும் இடத்தில், ஒருவன் நிஜமாகவே தோட்டத்தில் உருளையைத் தள்ளிக்கொண்டிருக்கிறான்! கிழவர் பிளேக்குக்குக் குறும்பு அதிகம்.

பட்டியலில் அகப்படாத இன்னொன்று வெளிச்சம். கட்டையில் உளி படாத இடமெல்லாம் மையேறிக் கறுப்பாக அச்சாகும். வெட்டிய கோடுதான் வெள்ளை. லினோலியம் என்ற தரைவிரிப்புத் தகட்டில் சில மாதம் செதுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட பிறகே எனக்கு இது உறைத்தது. இருட்டு அங்கே முதலிலேயே இருக்கிறது. நிலவொளியைக் கீறிக் கீறித்தான் வரவழைக்க வேண்டும். துயரப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் எனக்குத் தெரியவில்லை.

பதிப்பாளர்களுக்கு இவை பிடிக்கவில்லை. மூன்று படங்களை வேறு ஆட்களிடம் கொடுத்துச் செதுக்க வைத்தார்கள். பிளேக்கின் கட்டைகளையும் பக்கத்துக்குப் பொருந்த ஓரம் நறுக்கினார்கள். நறுக்குவதற்கு முன் எடுத்த சில மாதிரி அச்சுகள் எஞ்சியிருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தளத்தில் முதலில் அவற்றைத் தேடிப் பாருங்கள்.