பீரோவுக்குள்ள பூஞ்சை: தண்ணி எங்கேர்ந்து வருது?

கேள்வி: அக்கா, வேளச்சேரில தரைத்தளத்துல வாடகைக்கு இருக்கோம். பெட்ரூம் கப்போர்டுக்குப் பின்பலகை கிடையாது, சுவர்தான், அந்தப் பக்கம் பாத்ரூம். ஐப்பசி பொறந்தா போதும், கீழ்த்தட்டுல இருக்கற துணியெல்லாம் வெள்ளையா பச்சையா பூத்துடுது. ப்ளீச்சிங் போட்டுத் துடைச்சேன், அந்துருண்டை போட்டேன், ரெண்டு வருஷமா திரும்பத் திரும்ப வருது. அம்மா குடுத்த பட்டுப்புடவைலயும் புள்ளி விழுந்துடுச்சு. என்னக்கா பண்றது?

பதில்: புடவைய பத்திப் படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு, அதுக்கு கடைசில வர்றேன். அந்துருண்டை பூச்சிக்குத்தாங்க, பூஞ்சைய அது ஒண்ணும் பண்ணாது, மக்கல் வாடைய மறைக்கும், அவ்வளவுதான். ப்ளீச்சிங்கும் பலகைல மேலாக கறைய வெளுக்கும், உள்ள எறங்குனது அப்படியே இருக்கும். ஒண்ணு சொல்லிடறேன், ப்ளீச்சிங்கோட வினிகரோ டாய்லெட் ஆசிடோ எந்தக் காலத்துலயும் கலந்துடாதீங்க, விஷவாயு வரும்.

பூஞ்சைக்கு தீனி துணில இருக்கற கஞ்சி, வேர்வை, பலகைன்னு எதுலயும் கிடைச்சுடும், அதை நம்மளால நிறுத்த முடியாது, ஈரத்தைத்தான் நிறுத்தணும். அதனால அந்த ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. கப்போர்டை காலி பண்ணி, சுவர் வெளிப்பார்வைக்குக் காய்ஞ்சிருக்கும்போது ஒரு முழம் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது சுவர் பக்கம் ஈரம் கோத்திருந்தா சுவர்லதான் ஓதம். வெளிப்பக்கம் வேர்த்திருந்தா ரூம் காத்துல இருக்கற ஈரம்.

கீழ்த்தட்டுல மட்டும் வருதுன்னு சொல்றதால எனக்கு பாத்ரூம் சுவர் மேலதான் சந்தேகம். டைல்ஸ் இடுக்கு விட்டுப்போயிருக்கும், இல்ல சுவருக்குள்ள போற பைப் கசியும். ஹவுஸ் ஓனர்கிட்ட ஷீட்டை போட்டோ எடுத்துக் காட்டி ரிப்பேர் கேளுங்க, பெயின்ட் மட்டும் அடிச்சுத் தர்றேன்னா ஒத்துக்காதீங்க, ஓதச் சுவர்ல அடிச்ச பெயின்ட் அடுத்த மழைக்கே பொரிஞ்சு கொட்டிடும். அதுவரைக்கும் கீழ்த்தட்டுல துணி வேண்டாம், மத்த தட்டுலயும் சுவர்லேர்ந்து ரெண்டு இன்ச் தள்ளியே அடுக்குங்க.

ரூம் காத்துதான்னா, காத்துல இருக்கற ஈரப்பதத்தைக் காட்டற சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள வைங்க. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நிம்மதி, நாள்கணக்கா 70-ஐ தாண்டி நின்னா பூக்க ஆரம்பிச்சுடும். நம்ம ஊர்ல அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை மழைன்னு துவைச்ச துணிய பெட்ரூம்லயே கொடி கட்டி ஃபேன் போட்டு காயவைக்கிறோம்ல, அந்தத் தண்ணி மொத்தமும் அந்தக் காத்துலதான் ஏறுது, அதை முதல்ல நிறுத்துங்க. மழை பெய்யறப்ப காத்து வரட்டும்னு ஜன்னலைத் திறந்தா இன்னும் ஈரம்தான் வரும், ஏசி இருந்தா ட்ரை மோடுல கொஞ்ச நேரம் போடுங்க, வெயில் வந்ததும் ஜன்னல், கப்போர்டு கதவு எல்லாத்தையும் திறந்து விடுங்க. கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சற டப்பா உதவும், ஆனா கதவு மூடியிருக்கணும், தண்ணி ரொம்பினதும் கொட்டணும், துணிமேல சிந்திடக் கூடாது.

துடைக்கறப்ப மாஸ்க் போட்டுக்கிட்டு ஈரத்துணியால துடைங்க, காய்ஞ்சபடியே தேய்ச்சா தூளா பறந்து அடுத்த தட்டுல போய் உக்காரும். பலகை நல்லா காயாம எதையும் உள்ள வைக்காதீங்க.

இப்ப புடவை. தண்ணில நனைக்காதீங்க, நேர் வெயில்லயும் போடாதீங்க. மொட்டைமாடி நிழல்ல விரிச்சுக் காயவிட்டு, மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால லேசா தட்டி விடுங்க, அப்புறம் இது பூஞ்சைன்னு சொல்லியே ட்ரை க்ளீனிங் குடுங்க. திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் கவரைக் கழட்டிட்டு பழைய பருத்தி வேட்டில சுத்தி மேல்தட்டுல வைங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை எடுத்து மடிப்பை மாத்துங்க.