'லெட்ஸ் மூவ் ஆன்' என்றால் கோபமா?

தம்பி, மீட்டிங்கில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் 'லெட்ஸ் மூவ் ஆன்' என்றார், கோபித்துக்கொண்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் கோபம் இல்லை. 'இது போதும், அடுத்ததுக்குப் போவோம்' என்பதுதான். நேரம் ஓடும்போது யாரிடமும் சொல்வார்கள். சொல்ல மிச்சம் இருந்தால், 'பிஃபோர் வீ மூவ் ஆன், ஒன் குயிக் பாயிண்ட்' என்று கேட்டு ஒரே வரியில் முடித்துவிடுங்கள். ஆனால் பேச்சின் நடுவே 'மூவிங் ஆன்...' என்று வெட்டினாற்போல் வந்தால், அந்தப் பேச்சு அவருக்கு ரசிக்கவில்லை; அதைத் திரும்ப எடுக்காதீர்கள்.

ஆளைப் பற்றிச் சொன்னால் வேறு அர்த்தம். 'ஷீ ஹேஸ் மூவ்ட் ஆன்' என்றால் அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை. தானாகப் போனாரா, அனுப்பிவிட்டார்களா என்பது அதில் வராது. பல நேரம் அதை மூடிவைக்கவே அப்படிச் சொல்கிறார்கள். துருவாமல், அவர் வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். வாய் தவறி 'பாஸ்ட் ஆன்' என்று சொல்லிவிட்டால் ஆளையே சாகடித்த கதைதான்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழ்ப் பேச்சில் 'அடுத்த டாபிக் மூவ் ஆன் பண்ணலாம்' என்று பழகிய வாய், ஆங்கிலத்திலும் 'மூவ் ஆன் தி நெக்ஸ்ட் டாபிக்' என்று 'டு'வை விழுங்கிவிடும். 'மூவ் ஆன் டு தி நெக்ஸ்ட் டாபிக்' என்பதே சரி. விட்டுப் போவதற்கு 'ஃப்ரம்': 'மூவ் ஆன் ஃப்ரம் திஸ் ஜாப்'. உச்சரிக்கும்போது அழுத்தம் 'மூவ்' மேல் அல்ல, 'ஆன்' மேல்.

வேலைக்கு விண்ணப்பித்து வரும் பதிலில் 'மூவ் ஃபார்வர்ட்' என்று பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டாம். முன்னால் 'நாட்' இல்லாமல், 'வித் யுவர் அப்ளிகேஷன்' என்று தொடர்ந்தால் நல்ல சேதி. 'வித் அதர் கேண்டிடேட்ஸ்' என்றால் உங்களுக்கு இல்லை.

துக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் 'மூவ் ஆன்' என்பதை எடுக்காதீர்கள். 'ஆனது ஆச்சு, ஆகவேண்டியதைப் பாருங்க' என்று நாம் ஆறுதலாகச் சொல்வதை 'யூ ஷுட் மூவ் ஆன்' என்று பெயர்த்தால், 'அழுதது போதும்' என்றுதான் அவர் காதில் விழும். தன்னைப் பற்றி அவரே 'ஐ ஆம் ட்ரையிங் டு மூவ் ஆன்' என்று சொல்லலாம். நீங்கள் 'ஐ ஆம் சோ சாரி, டேக் யுவர் டைம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.